நிறம் மாறும் ஷவரும் மாமியின் சுவரும்

கல்யாணம் முடித்து இந்த வீட்டுக்கு வந்து பன்னிரண்டு வருசமாகிறது. இந்தப் பன்னிரண்டு வருசத்தில் இந்த வீட்டுச் சுவரில் நான் ஓர் ஆணிகூட அடித்ததில்லை. ஆசை இல்லாமல் இல்லை. விடவில்லை.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கல்முனையிலிருந்து பொத்துவில் வரை எந்த முஸ்லிம் வீட்டுக் கதவைத் தட்டினாலும், உள்ளே சாய்கதிரையில் காலை நீட்டிக்கொண்டு அதிகாரமாக இருமுகிற ஆண், ஒரு காலத்தில் உடுப்புப் பெட்டியோடு மாப்பிள்ளையாக வந்து ஏறியவர்தான். வேறு ஊர்களில் இதை ஒரு குறையாகச் சொல்வார்களாம். இங்கே எல்லோரும் அப்படித்தான் என்பதால் யாரும் யாரையும் பார்த்துச் சிரிப்பதில்லை. ஆனால் ஒவ்வொருவருக்கும் தன் நெஞ்சுக்குள் தெரியும், இருமலாம், ஏசலாம், ஆணி அடிக்க முடியாது என்று.

அதிலும் இந்த வீடு மாமியின், என் மனைவியுடைய தாயின், வீடு. மாமா என் கல்யாணத்துக்கு முன்பே மௌத்தாகிவிட்டார். மாவடிப்பள்ளிப் பக்கம் இருந்த வயலை மாமி தானே ஆள் வைத்துச் செய்வித்து, போகத்துக்குப் போகம் வந்த நெல்லை விற்று, ஓர் அறை, பிறகு ஓர் அறை என்று எழுப்பிய வீடு. சுவர் காயும் நாட்களில் காலையும் மாலையும் சீமெந்துக்குத் தண்ணீர் ஊற்றியதும் அவர்தானாம். மகளுக்குக் கல்யாணம் என்றதும் முன்பக்கம் முழுவதையும் எங்களுக்கு விட்டுவிட்டுப் பின் அறைக்குப் போய்விட்டார். உடம்பு மட்டும்தான் போனது. கண் சுவர்களிலேயே இருந்தது.

மாமி என்னோடு நேரே கதைப்பதில்லை. கோபத்தால் அல்ல, மரியாதையால். அவர் காலத்து மாமிமார் பலருக்கும் அந்த வழக்கம் உண்டு. மருமகன் இருக்கும் கூடத்துக்கு வரமாட்டார். கூடத்துக்கும் பின்பக்கத்துக்கும் நடுவில் ஒரு பூப்போட்ட திரை தொங்குகிறது. அதற்குப் பின்னால் முக்காட்டை இழுத்துவிட்டபடி நின்று மகளிடம் சொல்வார். மகள் என்னிடம் சொல்வாள். மாமி சொல்வது எனக்கு நன்றாகவே கேட்கும். கேட்க வேண்டும் என்றுதான் அந்தச் சத்தத்தில் சொல்வார். ஆனாலும் என் மனைவி ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொன்ன பிறகே நான் கேட்டதாகக் கணக்கு.

வந்த புதிதில், பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியபோது எடுத்த படத்தைக் கூடத்தில் கொழுவலாம் என்று சுத்தியலை எடுத்தேன். கறுப்பு அங்கியும் தொப்பியுமாக, கையில் சுருட்டிய காகிதத்தோடு, முப்பது வயதில் எனக்கு இருக்கப்போகும் தொப்பையை இன்னும் அறியாத முகத்தோடு நிற்கிற படம். திரைக்குப் பின்னாலிருந்து செய்தி வந்தது.

"ஆணி அடிச்சா செவரு வெடிக்கும் எண்டு சொல்லு புள்ள."

சுத்தியலைக் கீழே வைத்தேன். படம் அலுமாரிக்குப் பின்னால் போனது. அங்கே பன்னிரண்டு வருசம் பல்லிகளுக்குப் படிப்பின் பெருமையைச் சொல்லிக்கொண்டு நின்றது.

இந்தப் பின்னணியில்தான் அந்த ஷவர் வருகிறது.

சின்ன மகளுக்கு ஏழு வயது. குளிக்க வா என்றால் மேசைக்கு அடியில் போய்விடுவாள். ஒவ்வொரு பின்னேரமும் அவளை இழுத்துக்கொண்டு போவதும், அவள் கத்துவதும், தாய் ஏசுவதும், பாதி நனைந்த பிள்ளை சவர்க்கார நுரையோடு கூடத்துக்கு ஓடி வருவதும் வழக்கமாகிவிட்டது. அப்படியொரு பின்னேரம் போனைத் தடவிக்கொண்டிருந்தபோது இணையக் கடையில் அதைப் பார்த்தேன். கை அகலத்தில் வட்டமான ஷவர்த் தலை. தண்ணீர் வந்தால் தானாக வெளிச்சம் போடும். தண்ணீர் குளிராக இருந்தால் நீலம், இளஞ்சூடு என்றால் பச்சை, சூடு என்றால் சிவப்பு. மின்கம்பி வேண்டாம், பற்றரி வேண்டாம். தண்ணீரின் ஓட்டத்தில் உள்ளே ஒரு சின்னச் சக்கரம் சுழன்று அதுவே மின்சாரத்தை உண்டாக்கிக்கொள்ளும்.

பிள்ளைக்காக என்று மனைவியிடம் சொன்னேன். பொய். எனக்குத்தான் ஆசை வந்துவிட்டது. நாற்பது வயதை நெருங்கும் விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் சிவப்பு வெளிச்சத்தில் நின்று குளிக்க ஆசைப்படுகிறார் என்று வெளியே சொல்ல முடியுமா?

பொதியைப் பாடசாலை முகவரிக்கு வரவழைத்தேன். வீட்டுக்கு வந்தால் மாமி வாங்கி வைப்பார், பிறகு கேள்வி வரும் என்ற பயம். ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னிலையிலும் பொதியைப் பிரித்தபோதுதான் பெட்டியின் அட்டையைக் கண்டேன். வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி, தோளில் நுரையோடு, கண்ணை மூடிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். அறையில் எல்லோரும் ஒரே நேரத்தில் பாடக்குறிப்பு எழுதத் தொடங்கினார்கள். நான் அந்தப் பெட்டியைப் பழைய பரீட்சை வினாத்தாள்களால் நான்கு பக்கமும் சுற்றி, மோட்டார் சைக்கிளில் மடியில் வைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

பூட்டுவதற்குச் சுவரில் துளை போட வேண்டும். ஆணிக்கே அனுமதி இல்லாத சுவர். ஆகவே காத்திருந்தேன். மாமியின் தங்கை அட்டாளைச்சேனையில் இருக்கிறார். மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாமி அங்கே போய், ஒருநாள் தங்கி வருவார். அந்தச் சனிக்கிழமை காலையில் அவர் ஓட்டோவில் ஏறும்போது, எனக்குப் பெருநாள் பிறை கண்ட மாதிரி இருந்தது. பாடசாலை ஆய்வுகூடத்திலிருந்து கேட்டு வாங்கி வந்த ட்ரில் மெசினைத் துணிக்குள்ளிருந்து வெளியே எடுத்தேன்.

நான் கவனிக்கத் தவறியவை இரண்டு. ஒன்று, அது நாலரை இஞ்சிச் சுவர். குளியலறைக்கு ஒரு பக்கமும் மாமியின் அறைக்கு மறுபக்கமும் அதுவே சுவர். இரண்டாவது, தங்கை வீட்டார் எல்லோரும் அன்று ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டதால், மாமி பகலைக்கே திரும்பி வந்து, பின்வாசலால் தன் அறைக்குள் போய், ளுஹர் தொழுதுவிட்டுத் தொழுகைப் பாயிலேயே தஸ்பீஹ் ஓதிக்கொண்டிருந்தார்.

அளந்து, குறித்து, மெசினைச் சுவரில் வைக்கும்போது பகல் திரும்பிவிட்டது. முதல் துளை அழகாக விழுந்தது. அந்த உற்சாகத்தில் இரண்டாவதை ஊன்றி அழுத்தினேன். மெசின் திடீரென்று எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போனது. விஞ்ஞானம் படித்தவன் என்றபடியால் அதன் அர்த்தம் உடனே விளங்கியது. மெசினை நிறுத்தினேன். வீடே அமைதியானது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, சற்றும் பதறாத குரலில், சத்தமாக மாமி சொன்னார்.

"புள்ள, அவருக்குச் சொல்லு, இந்தப் பக்கம் ஆள் இரிக்கி எண்டு."

சமைத்துக்கொண்டிருந்த மனைவி குசினியிலிருந்து ஓடி வந்து, குளியலறை வாசலில் நின்று, வழக்கம் மாறாமல் அதை எனக்குத் திருப்பிச் சொன்னாள். "இந்தப் பக்கம் ஆள் இரிக்கியாம்." எனக்கு வந்த கோபம் யார் மீது என்று இன்றுவரை தெரியவில்லை. குளியலறைக்கும் மாமியின் அறைக்கும் இடையில் ஓட்டையோடு ஒரு நிமிடமும் இருக்க முடியாது. கையில் அகப்பட்ட சவர்க்காரக் கட்டியைப் பிய்த்துத் துளைக்குள் திணித்தேன். பிறகு அந்தப் பக்கத்தைச் சீமெந்து குழைத்துப் பூசிக் கொடுத்தேன். நான் பூசும்போது மாமி முற்றத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். என் பூச்சைப் பற்றி ஒரு வார்த்தையும் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இத்தனைக்கும் பிறகு ஷவரைப் பூட்டினேன். பெரிய மகள், சின்ன மகள், மனைவி மூவரும் வாசலில் நின்றார்கள். குழாயைத் திறந்தேன். ஷவரின் அத்தனை துவாரங்களிலிருந்தும் தண்ணீர் மூக்கு ஒழுகுவது போல ஒழுகியது. நீலமும் இல்லை, பச்சையும் இல்லை. சின்னவள் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, வாப்பா ஏமாந்துவிட்டார் என்று தாய்க்கு அறிவித்துவிட்டு மேசைக்கு அடியில் போனாள்.

திங்கட்கிழமை பத்தாம் வகுப்புக்குப் பாடம், திரவ அமுக்கம். நான் ஏற்பாடு செய்ததல்ல, பாடத்திட்டத்தின் ஏற்பாடு. கரும்பலகையில் ஒரு தண்ணீர்த் தாங்கி கீறினேன். கீழே ஒரு குழாய் கீறினேன். தாங்கி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவுக்குக் குழாயில் அமுக்கம் கூடும் என்று, பதினைந்து வருசமாகச் சொல்வதைச் சொல்லத் தொடங்கிப் பாதியில் நின்றுவிட்டேன். எங்கள் வீட்டுத் தாங்கி குசினியின் கொங்கிறீட் கூரைத் தட்டின்மேல் குந்திக்கொண்டிருக்கிறது. ஷவர் இருக்கும் மட்டத்துக்கும் அதற்கும் மூன்று அடிகூட இல்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் இதைப் படிப்பித்துப் பரீட்சையில் சித்தி எடுக்கவைத்தவன், தன் வீட்டில் இதை ஒரு தடவைகூட அண்ணாந்து பார்க்கவில்லை. பிள்ளைகள் என்ன சேர் என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை, எழுதுங்கள் என்றேன்.

ஷவர் பழுதில்லை. தாங்கியை இன்னும் ஆறடி உயர்த்தினால் போதும். ஆனால் தாங்கியை உயர்த்துவது துணிக்குள் ஒளித்து வைத்துச் செய்கிற வேலை அல்ல. மாமியிடம் கேட்க வேண்டும்.

அன்று பின்னேரம் மஃரிபுத் தொழுகைக்கு முன்னர் திரைக்கு முன்னால் போய் நின்றேன். திரைக்கு அந்தப் பக்கம் மாமி. நடுவில் திரையைப் பிடித்தபடி மனைவி. இரும்பில் ஒரு தாங்குமேடை ஒட்டுவித்து அதன்மேல் தாங்கியை வைக்கலாம் என்றேன். மனைவி அதைச் சொன்னாள். தட்டு பாரம் தாங்குமா என்று கேள்வி வந்தது. தாங்கும், தண்ணீரின் பாரத்தைக் கணக்குப் பார்த்தேன் என்றேன். அந்தக் கணக்கை ஒரு காகிதத்தில் எழுதித் திரைக்கு அடியால் நீட்டினேன். காகிதம் அந்தப் பக்கம் போனது. அதைப் புரட்டும் சத்தம் கேட்டது. பின்னர் மாமி என்னைப் பற்றி அல்லாமல், தாங்கியைப் பற்றி அல்லாமல், வேறொன்றைக் கேட்டார்.

"அந்த ஷவருக்குக் கீழ நிண்டாக் காணுமா எண்டு கேளு. கை தூக்கத் தேவல்லியா?"

தேவையில்லை, நின்றால் போதும் என்றேன். இது என்ன கேள்வி என்று எனக்குள் எரிச்சல்கூட வந்தது. அப்படியென்றால் உயர்த்தட்டும், ஆனால் வீட்டைக் கட்டிய மேசனே வந்து செய்ய வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. பன்னிரண்டு வருசத்தில் எனக்குக் கிடைத்த முதல் அனுமதி. கூடத்துக்குத் திரும்பி வந்து கதிரையில் இருந்து தேவையில்லாமல் ஒரு தடவை இருமினேன்.

மனைவி வந்து பக்கத்தில் இருந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"உம்மாக்கு வலக்கை தூக்க ஏலா. ஆறு மாசமாகுது. தலைக்கு நான்தான் ஊத்துறன். உங்களுக்குச் சொல்ல வேணாம் எண்டு சொன்னாங்க."

ஆறு மாதமாக, நான் வீட்டில் நிற்கிற நாட்களிலெல்லாம், பகல் ளுஹர் தொழுகைக்கு முன்னர், தாயும் மகளும் கிணற்றடிக்குப் போவதைக் கண்டிருக்கிறேன். ஏதோ கதை கதைக்கப் போகிறார்கள் என்று நினைத்திருக்கிறேன். தோள் இறுகிவிட்டதாம். ஆஸ்பத்திரியில் சுடுதண்ணீர் ஒத்தடமும் பயிற்சியும் சொன்னார்களாம். மாமி அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. நோவைவிடப் பெரிய நோ வேறொன்று. வயல் செய்து, சுவர் எழுப்பி, எவரிடமும் கை நீட்டாமல் இருந்த மனிசி, கட்டிய குளிப்புச் சீலையோடு குந்தியிருந்து, மகள் ஊற்றும்வரை தலையைக் குனிந்துகொண்டிருக்க வேண்டும். அந்த நேரத்தில் மாமி ஒரு வார்த்தை பேசுவதில்லை என்றாள். வெள்ளிக்கிழமைகளில் தலை முழுகும்போது சில நாட்களில் அழுவதும் உண்டாம். தண்ணீர் ஊற்றுவதால் தெரியாது என்று நினைக்கிறாவாம்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அதுவரை இது எனக்கும் அந்தச் சுவருக்கும் நடக்கிற சண்டை என்று நினைத்திருந்தேன். இப்போது வேடிக்கை, பகிடி எல்லாம் போய்விட்டது. மாமி தன் குளிப்பைத் தானே குளிக்க வேண்டும். அந்த ஷவர் எரியத்தான் வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை மேசன் வந்தார். இரும்புக் கால்கள் நான்கும் தட்டில் ஊன்றப்பட்டன. தாங்கி மேலே ஏறியது. முருங்கை மரத்தின் நிழலுக்குள் இருந்த கறுப்புத் தாங்கி, இப்போது மரத்துக்கு மேலால் தலையை நீட்டி வெயிலில் நின்றது. மோட்டாரைப் போட்டு நிரப்பினோம். நான் கீழே வந்து வால்வைத் திறந்தேன். திறந்ததும், நான் பூட்டிய வளைவுக் குழாய் கழன்று பறந்து, தண்ணீர் மேசனின் நெஞ்சில் அடித்தது. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அமுக்கம் காணும் சேர் என்றார். குழாயைத் தானே இறுக்கித் தந்தார்.

மறுபடியும் திறந்தேன். கொட்டியது. ஷவர் ஒரு தடவை மினுங்கியது, இரண்டு தடவை மினுங்கியது, பிறகு பளிச்சென்று சிவந்தது. நண்பகல் வெயிலில் குழாய்களுக்குள் கிடந்த சூட்டுத் தண்ணீர். கொஞ்சம் ஓடியதும் பச்சையாகி, தாங்கிக்குள் புதிதாக ஏறியிருந்த கிணற்றுத் தண்ணீர் வந்ததும் நீலமானது. சின்னவள் உடுப்போடு அதற்குள் பாய்ந்தாள். பெரியவள் தானும் பாய்ந்தாள். நான் போட்டிருந்த சேட்டைக் கழற்றாமலே நடுவில் போய் நின்றேன். என் கைகள், பிள்ளைகளின் முகங்கள், சுவர் எல்லாம் நீலம். இவ்வளவு சந்தோசம் எனக்குப் பட்டமளிப்பு விழாவிலும் வரவில்லை.

அன்றிலிருந்து சின்னவள் நாளுக்கு மூன்று தடவை குளித்தாள். விடியற்காலையில் நீலம், பத்து மணிக்குப் பச்சை, ஒரு மணிக்குச் சிவப்பு என்று நேரத்தைச் சொல்லவும் பழகிவிட்டாள். பாடசாலைக்குப் பிந்திப் போன ஒருநாள், பச்சை வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன் என்று ஆசிரியையிடம் காரணம் சொல்லியிருக்கிறாள்.

ஆனால் மாமி வரவில்லை.

ஒரு கிழமை போனது. இன்னொரு கிழமை போனது. தாயும் மகளும் கிணற்றடிக்குத்தான் போனார்கள். எனக்குக் கோபம் ஏறியது. நான் கோபக்காரன், ஒத்துக்கொள்கிறேன். சாப்பாட்டுத் தட்டைச் சற்றுச் சத்தமாக வைத்தேன். பைத்தியக்காரத்தனமாகத் தாங்கியை உயர்த்தியிருக்கிறேன், ஊருக்கெல்லாம் தெரிகிறது, யாருக்காக என்று மனைவியிடம் பொரிந்து தள்ளினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள், உம்மாவுக்குப் பயம் என்று. தண்ணீருக்குள் கரண்ட் வருகிறதாம். வெளிச்சம் எரிகிறதென்றால் கரண்ட் இல்லாமல் எப்படி எரியும்? நனைந்த உடம்போடு அதற்குக் கீழே நின்றால் இழுத்துவிடாதா?

கோபம் இறங்கிவிட்டது. அது நியாயமான கேள்வி. என் பத்தாம் வகுப்பில் ஒரு பிள்ளையாவது அதைக் கேட்டதில்லை. சக்கரம் சுழல்கிறது, அதில் காந்தம் இருக்கிறது, வருகிற மின்சாரம் ஓர் எறும்பைக்கூட எதுவும் செய்யாது என்று திரை வழியாக விளக்கினேன். ஓம் ஓம் என்று பதில் வந்தது. அது சம்மதித்த ஓம் இல்லை. ஒரு மனிசனின் மனசு நோகக்கூடாது என்பதற்காகச் சொல்கிற ஓம்.

வழி பிறந்தது மின்தடையால். பராமரிப்பு வேலை இருக்கிறது, சனிக்கிழமை காலையிலிருந்து பின்னேரம்வரை ஊர் முழுக்கக் கரண்ட் இராது என்று முதல் நாளே அறிவித்துவிட்டார்கள். ஊரே சலித்துக்கொண்டது. நான் மட்டும் அந்தச் சனிக்கிழமைக்காகக் காத்திருந்தேன். விடிந்ததும் மோட்டாரைப் போட்டுத் தாங்கியை வாய்வரை நிரப்பினேன். எட்டு மணிக்கு மின்விசிறிகள் நின்றன. பன்னிரண்டரைவரை பொறுத்துக்கொண்டிருந்தேன். வெயில் தலைக்கு மேலே வந்ததும் திரைக்கு முன்னால் போய் நின்று, இந்தத் தடவை மாமி கேட்கும்படி நானே சத்தமாகச் சொன்னேன்.

"உம்மாக்குச் சொல்லு, இப்ப வீட்டில கரண்ட் இல்ல. ஊரிலயே இல்ல. வந்து பாக்கச் சொல்லு."

மனைவி திருப்பிச் சொல்வதற்கு முன்னரே திரை அசைந்தது. நான் வழிவிட்டு முற்றத்தில் இறங்கி யன்னலருகே நின்றதும் மாமி வந்தார். முதலில் கூடத்து மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். நிற்கிறது. சுவரில் இருந்த சுவிட்சை இடக்கையால் போட்டார், அணைத்தார், மறுபடியும் போட்டார். ஒன்றும் எரியவில்லை. குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்த்தார். உள்ளே இருட்டு. அப்படியும் போதாமல் வெளிவாசலுக்குப் போய், பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டு, உங்களுக்கும் இல்லையா என்று கேட்டுவிட்டு வந்தார். நான் மாணவர்களிடம் எதிர்பார்த்துக் கிடைக்காத அத்தனை ஒழுங்கும் அந்தச் சோதனையில் இருந்தது.

பிறகு குளியலறை வாசலில் நின்றார். நான் முற்றத்திலிருந்து வந்து கையை மட்டும் உள்ளே நீட்டிக் குழாயைத் திறந்தேன். ஷவர் சிவந்தது. யன்னல் இல்லாத அந்தச் சின்ன அறை முழுவதும் செக்கச் செவேலென்றாகியது. மாமி இடக்கையை நீட்டித் தண்ணீரைத் தொட்டார். எடுத்தார். மறுபடியும் நீட்டி, இந்த முறை எடுக்காமல் வைத்துக்கொண்டிருந்தார். தண்ணீர் நல்ல சூடு. கிறுகித் திரும்பிப் பார்க்காமல் தன் அறைக்குப் போனார். நான் குழாயைப் பூட்டினேன். அவ்வளவுதான் என்று நினைத்தேன். மாமி துவாயும் மாற்று உடுப்பும் குளிப்புச் சீலையுமாகத் திரும்பி வந்தார். மகளும் கூடவே உள்ளே போகப் பார்த்தாள். மாமி அவளைத் தோளால் மெதுவாகத் தள்ளி வெளியே விட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். உள்ளே தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது.

ஆறு மாதத்துக்குப் பிறகு விழுந்த தாழ்ப்பாள். மனைவி கதவைப் பார்த்தபடியே நின்றாள். நான் மரியாதைக்காகக் கூடத்துக்கு வந்து, இருக்கவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் நடந்தேன். தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பத்து நிமிடம். இருபது நிமிடம். மனைவி உம்மா என்று கூப்பிட்டாள். இன்னொரு தடவை கூப்பிட்டாள். அப்போது உள்ளேயிருந்து, தண்ணீருக்கு மேலால், எனக்குப் பழக்கமே இல்லாத இலேசான ஒரு குரல் வந்தது.

"இரி புள்ள. இப்பத்தான் பச்சைக்கு மாறுது."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணால் தண்ணீர் ஓடியது. எனக்கும்தான். ஆய்வுகூடத்தில் எத்தனையோ பரிசோதனை செய்து காட்டியிருக்கிறேன். ஒன்றும் இப்படிச் சரிவந்ததில்லை.

மாமி வெளியே வரும்போது ஷவரிலிருந்து சொட்டுச் சொட்டாகத்தான் விழுந்துகொண்டிருந்தது. தாங்கி காலி. ஒரு துளி மிச்சம் வைக்கவில்லை. மோட்டார் போடக் கரண்ட் இல்லை. ளுஹருக்கு நேரமாகிறது, எல்லோரும் கைகால் கழுவி உளூச் செய்யத் தண்ணீர் வேண்டும். நான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். வாளி வாளியாக அள்ளி வந்து குசினிக்கும் குளியலறைக்கும் நிரப்பினேன். கை இரண்டும் கழன்றுவிடும் போல நொந்தது. அவ்வளவு சந்தோசமாக நான் ஒருநாளும் தண்ணீர் அள்ளியதில்லை.

அதற்குப் பிறகு மாமிக்கு ஒரு மணி என்றால் சிவப்பு நேரம். அந்த நேரத்தில் வேறு யாரும் குளியலறைப் பக்கம் போகக்கூடாது. சூட்டுத் தண்ணீர் தினமும் விழுந்ததில் தோளின் நோவு கொஞ்சம் தணிந்திருப்பதாக மனைவி சொன்னாள். கை முழுவதும் தூக்க இன்னும் முடியாது. மாமி அதைப் பற்றிக் கவலைப்படுவதாகத் தெரியவில்லை.

ஊர்ப் பெண்களுக்குச் செய்தி போய்விட்டது. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு இரண்டு பேர், மூன்று பேர் என்று வந்தார்கள். கல்யாண வீட்டில் அறை பார்க்கப் போவது போல எங்கள் குளியலறையைப் பார்க்க வந்தார்கள். மாமி முன்னால் போய்க் குழாயைத் திறந்து காட்டுவார். கரண்டா என்று கேட்பார்கள். இல்லை என்பார். கரண்ட் இல்லாமல் எப்படி எரியும் என்பார்கள். சக்கரம், காந்தம் என்று நான் திரை வழியாகச் சொன்னதையெல்லாம் மாமி ஒரு சொல் விடாமல் சொல்வார். நான் கூடத்தில் வினாத்தாள் திருத்திக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். முழுப் புள்ளியும் கொடுக்கலாம். அன்று ஓம் ஓம் என்றவர் எல்லாவற்றையும் கேட்டுத்தான் இருந்திருக்கிறார்.

ஒருநாள் வந்த பெண்களில் ஒருத்தி விடவில்லை. தன் மகன் சவூதியில் கரண்ட் வேலை செய்கிறான், அவனுக்குத் தெரியாததா, கட்டாயம் உள்ளே எங்கோ கம்பி இருக்கிறது, உங்களுக்கு யார் சொன்னது என்று வாதாடிவிட்டுப் போனாள். மாமி திரைவரை வந்து அவளை அனுப்பிவிட்டார். பின்பக்கம் போனார். அலுமாரியை நகர்த்தும் சத்தம் கேட்டது. உதவிக்கு மகளைக் கூப்பிடவில்லை.

திரை விலகியது. மாமி கூடத்துக்குள் வந்தார். நான் இருக்கும்போது, நான் இருக்கிறேன் என்று தெரிந்துகொண்டே வந்தார். முக்காடு சரியாக இருந்தது. இடக்கையில் என் பட்டமளிப்புப் படம். பல்லி எச்சமும் ஒட்டடையும் துடைத்துக் கண்ணாடி பளிச்சென்றிருந்தது. வலக்கையில், இடுப்பளவுக்குத் தூக்கியபடி, சுத்தியலும் ஆணியும். மனைவி குசினியில் இருந்தாள். அவளைக் கூப்பிடவில்லை. சுவரைப் பார்க்கவில்லை, திரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்.

"மருமகன், இத வாசலுக்கு நேரே கொழுவுங்க. ஆரு சொன்ன எண்டு கேக்கிறாளுகள்."

நான் எழுந்து சுத்தியலை வாங்கினேன். ஆணியைச் சுவரில் வைத்தேன். வைத்த பிறகு, எனக்கே ஏன் என்று தெரியாமல், திரும்பி, வெடிக்காதா மாமி என்று கேட்டேன்.

"வெடிச்சா வெடிக்கட்டும். பூசலாம்தானே."

அடித்தேன். வெடிக்கவில்லை. படத்தைக் கொழுவிவிட்டுப் பின்னால் வந்து பார்த்தேன். அங்கியும் தொப்பியுமாக அந்த இளந்தாரி வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றான். மாமி தலையைச் சரித்துப் பார்த்தார்.

"கொஞ்சம் சரிவா இரிக்கி. கழட்டிப்போட்டு இன்னொண்டு அடிங்க."